கப்பல்காரன் கிட்டாரை அலறவிட்டான்

ட்ராய், மிச்சிகன்
20 அக்டோபர் 2019

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கல்யாணம் தை மாதம் என்றால், பனியிலிருந்து தப்பி வர எனக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கட்டாயம் வருகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் அனுப்பிவிடாதே. போன தடவை அனுப்பியது பெட்டிக்குள்ளேயே கொட்டி, இரண்டு சட்டைகள் இன்னும் மணந்துகொண்டிருக்கின்றன.

கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருந்தாயே, "நம் கப்பல்காரன் புதிதாக ஏதோ போட்டிருக்கிறானாமே, கேட்டாயா?" என்று. கேட்டேன். கேட்டதிலிருந்து இங்கே ஒரே பஞ்சாயத்து.

2016 கோடையில் நீ இங்கே வந்திருந்தபோது கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாடகன் ஸ்டர்ஜில் சிம்ப்சன் தன் மகனுக்குக் கடிதம் எழுதுவதுபோல் பாடிய ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, அமெரிக்கக் கடற்படையில் இருந்தவன் என்றதும் நீ வைத்த பெயர்தான் கப்பல்காரன். (வயது 41 ஆகிவிட்டது. இருந்தாலும் நமக்கு 'அவன்'தான்.) அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் புது ஆல்பம் இல்லை. போன மாதம் 27-ஆம் தேதி 'சவுண்ட் அண்ட் ஃப்யூரி' வந்தது. கன்ட்ரிக்கே உரிய ஃபிடில் இல்லை, பெடல் ஸ்டீல் கிட்டார் இல்லை. ஒரு கார் கிளம்புகிறது, யாரோ ரேடியோவைத் திருப்புகிறார்கள், அப்புறம் ஒரு சொல்கூடப் பாடாமல் கிட்டார் அலறுகிறது. அதன் பின்னால் சிந்தசைசர், இரும்பை அடிப்பதுபோல் டிரம்ஸ். பழைய கன்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் திரும்பி வந்துவிட்டார் என்று எல்லாரும் கொண்டாடிய அந்தக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எங்கோ அடியில் கேட்கிறது.

எங்கள் அலுவலகத்தில் கென்டக்கி மாநிலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அந்த மலைப்பகுதியிலிருந்து கார் தொழிற்சாலை வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் வந்த குடும்பங்கள் ஏராளம். இவருடைய அப்பாவும் அப்படி வந்தவர்தான். சிம்ப்சனும் கென்டக்கி என்பதால் இவருக்கு அவன் சொந்தப் பிள்ளை மாதிரி. சிடி வந்த அன்றைக்கே வாங்கி, மதிய இடைவேளையில் தன் பிக்கப்பில் என்னை உட்காரவைத்துப் போட்டார். முதல் பாட்டு முழுவதும் சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானிலேயே கை இருந்தது. இரண்டாவதில் ஒரு சுற்று குறைத்தார். மூன்றாவதில் டிஸ்கோபோல் தாளம் தொடங்கியதும் அணைத்துவிட்டு, சாண்ட்விச்சைப் பிரித்தார். பாதி தின்றபிறகுதான் பேச்சு வந்தது. "படிக்க அனுப்பின பையன் தலையில் பச்சைச் சாயத்தோடு வீடு திரும்பின மாதிரி இருக்கிறது" என்றார். சிடியை என் மடியில் போட்டு, "நீயே வைத்துக்கொள்" என்றார்.

எனக்கும் அன்று அதே எரிச்சல்தான். ஆனால் என் மகள் இருக்கிறாளே, கன்ட்ரி என்றாலே காதைப் பொத்திக்கொள்பவள், "இந்த ஆளை ஏன் இத்தனை நாள் சொல்லவே இல்லை?" என்று என்னோடு சண்டைக்கு வருகிறாள். ஆல்பத்தோடு சேர்த்து நெட்ஃப்ளிக்ஸில் ஒரு ஜப்பானிய அனிமேஷன் படமும் வந்திருக்கிறது. ஜும்பெய் மிசுசாகி இயக்கியது. அதை அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டாள். எனக்குப் பாதியிலேயே கண்ணைக் கட்டியது. ஒரே வெட்டும் குத்தும். கடற்படைக் காலத்தில் கப்பல்காரன் ஜப்பானில் இருந்தவன், அந்த ஆசை விடவில்லை போலிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், கப்பல்காரன் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டான்? 2014 ஆல்பத்திலேயே புத்தரையும் போதை வஸ்துகளையும் ஒரே பாட்டில் கொண்டுவந்தான். 2016-இல் டாப்-கிங்ஸ் குழுவின் ஊதுகருவிகளை உள்ளே விட்டான், நிர்வானா என்ற ராக் குழுவின் பாட்டைத் தாலாட்டாக்கினான். அதற்கு 2017-இல் கன்ட்ரி பிரிவில் கிராமி விருதே கிடைத்தது. அந்த 2017-இலேயே, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் கன்ட்ரி விருது விழா நடந்த அரங்குக்கு வெளியே, கிராமியைக் கிட்டார் பெட்டியில் போட்டுவைத்துக்கொண்டு நடைபாதையில் நின்று பாடினான். நாஷ்வில் முதலாளிகளை அவன் சீண்டியபோது கைதட்டிய அதே ஆட்கள்தான், இப்போது தங்களையே சீண்டியதும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

இந்தப் புது ஆல்பத்தை எங்கே பதிவு செய்தான் என்று நினைக்கிறாய்? இங்கிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய வாட்டர்ஃபோர்டில், ஒரு மோட்டலில்! அந்த ஊர் வழியாக எத்தனை தடவை போயிருக்கிறேன். போன வாரம் இரவு எம்-59 நெடுஞ்சாலையில் தனியாக வரும்போது சிடியைப் போட்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் நான் தாண்டித் தாண்டிக் கேட்டதுதான் தப்பு. மொத்தம் 41 நிமிடம். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, கடைசிப் பாட்டு முடியும்வரை இறங்கவில்லை.

முழுக்க மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. புகழ் வந்து தொல்லை கொடுக்கிறது என்று பாட்டுக்குப் பாட்டு புலம்புவது சலிக்கிறது. பாடலாசிரியர் ஜான் பிரைனோடு சேர்ந்து எழுதிய பாட்டு ஒன்றும் இதில் இருக்கிறது. பிரைன் கை வைத்த வரி என்றால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழவேண்டாமா? இங்கே தாளம்தான் விழுகிறது. அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

கென்டக்கிக்காரர் கொடுத்த சிடியை உனக்குக் கொண்டுவரலாம் என்றிருந்தேன். நேற்று முன்தினம் லிஃப்டில் பார்த்தபோது, "அது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உனக்கு வேறொன்று வாங்கி வருகிறேன். முகூர்த்த நாளை மட்டும் சீக்கிரம் எழுது, டிக்கெட் விலை ஏறுவதற்குள் எடுக்கவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்