டெர்மினல் சிம்பல்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மின் பேனல் செய்யும் நம் பட்டறைக்கென்று தனியாகச் செய்த டெர்மினல் (வயர்களை இணைக்கும் முனை) சிம்பல் லைப்ரரி இப்போது எல்லா ட்ராயிங்கிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் என்ற மின் வரைபட மென்பொருளில் உட்கார்ந்து வரைந்தவன் நான் என்பதால் பாராட்டெல்லாம் என் மேசைக்கு வருகிறது. கோடு போட்டது மட்டும்தான் என் வேலை. எந்தக் கோடு எதற்கு என்று சொன்னவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

மென்பொருளோடு வரும் லைப்ரரியிலேயே வட்டம், சதுரம், அறுகோணம் என்று டெர்மினல் சிம்பல்கள் இருக்கின்றனவே, புதிதாக எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மின் சிம்பல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60617-படி டெர்மினல் என்றால் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். ஆனால் நம் பேனலில் சாதா டெர்மினல், ஃபியூஸ் டெர்மினல், சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) சர்க்யூட்டுக்கான, இணைப்பைத் திறந்துவிடக்கூடிய டிஸ்கனெக்ட் டெர்மினல், இரண்டடுக்கு டெர்மினல் எல்லாம் ஒரே ரெயிலில் (டெர்மினல்களை மாட்டும் உலோகப் பட்டை) வரிசையாக நிற்கும். ட்ராயிங்கில் அத்தனையும் ஒரே வட்டமாக இருந்தால், பார்ப்பவர் பார்ட் லிஸ்டையும் ட்ராயிங்கையும் மாறி மாறிப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் நன்றி நம் வயர்மேன் அண்ணனுக்கு. என் பழைய ட்ராயிங் பிரிண்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் பேனாவால் ஒரு சின்னக் கீறல் போட்டிருந்தார். "தம்பி, எந்தப் பக்கம் ஃபீல்டு கேபிள், எந்தப் பக்கம் பேனல் வயர்னு நானே கண்டுபிடிச்சுக் குறிச்சுக்கிறேன். இதை நீங்களே போட்டுக் கொடுத்தா என்ன?" என்றார். வெளியிலிருந்து வரும் ஃபீல்டு கேபிள் கீழே கிளாண்ட் பிளேட் (கேபிள் நுழையும் தகடு) வழியாக வரும், பேனலுக்குள்ளேயே ஓடும் பேனல் வயர் டக்டிலிருந்து (வயர்கள் ஓடும் பாதை) வரும். இரண்டும் மாறிவிட்டால் டக்டுக்குள் கேபிளைத் திணிக்க வேண்டிவரும். அதனால் இப்போது ஃபீல்டு பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கிறது. அது அண்ணனின் பேனாக் கீறல்தான், கொஞ்சம் ஒழுங்காக வரைந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். டெர்மினல் நம்பரின் எழுத்து உயரம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தோம். ஏ3 தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஷாப் ஃப்ளோருக்குப் போவது ஏ4-இல் சுருக்கிய பிரிண்ட். அதில் 2.5 என்பது 1.8-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் அதை யார் படிப்பது? 3.5 ஆக்கினோம். சுருக்கினாலும் 2.5-க்குப் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்தது ஓசூரில் இருக்கும் என் பழைய சீனியருக்கு. வேலை மாறிப் போன பிறகும் ராத்திரி போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சிம்பலை வரைந்து பிளாக்காகச் சேமித்தால் போதாது, மென்பொருள் அதை டெர்மினல் என்று அடையாளம் காண வேண்டும் என்பதை அவர்தான் புரியவைத்தார். கிடைமட்ட வயரில் வைக்கும் சிம்பலின் ஃபைல் பெயர் எச்டி என்று தொடங்க வேண்டும், செங்குத்து வயருக்கு விடி. மூன்றாவது எழுத்து 0 என்றால் வயர் நம்பர் டெர்மினலைத் தாண்டியும் அதே நம்பர். 1 என்றால் அந்தப் பக்கம் புது நம்பர். ஃபியூஸ் டெர்மினலுக்கு இந்த 1 கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் போனால் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருக்காதே, வயர் முனையில் மாட்டும் ஃபெர்ரூல் நம்பர் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

அப்புறம் அட்ரிப்யூட், அதாவது சிம்பலோடு சேர்த்து வைக்கும் தகவல். ஸ்ட்ரிப் (டெர்மினல் வரிசை) பெயருக்கு டேக்ஸ்ட்ரிப், வயர் வந்து சேரும் இடத்துக்கு எக்ஸ் என்று தொடங்கும் பெயர். அந்த எக்ஸுக்குப் பின்னால் வரும் எண்தான் திசை: வலது 1, மேல் 2, இடது 4, கீழ் 8. "ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு. கடிகாரத்துக்கு எதிர்ச்சுத்துல போப்பா" என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை. நம் சிம்பல்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, லைப்ரரி பாதையில் அதை முதலில் போடச் சொன்னதும் அவர்தான். மென்பொருளைப் புது வெர்ஷனுக்கு மாற்றினாலும் நம்முடையது அழியாது. சார், இந்த ஒரு யோசனைக்கே உங்களுக்கு ஒரு விருந்து பாக்கி.

டெஸ்டிங் அக்காவுக்கு ஒரு பெரிய நன்றி. சிடி டெர்மினலின் சிம்பலில் இணைப்பைத் திறக்கும் ஸ்லைடு லிங்கை மட்டும் வரைந்து காட்டினேன். "ஷார்ட்டிங் லிங்க் எங்கே?" என்றார். பிரைமரியில் கரண்ட் ஓடும்போது சிடியின் செகண்டரியைத் திறந்துவிட்டால் அங்கே ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். அதனால் முதலில் ஷார்ட்டிங் லிங்கால் செகண்டரியின் இரு முனைகளையும் ஷார்ட் செய்ய வேண்டும், பிறகுதான் ஸ்லைடைத் திறக்க வேண்டும். ட்ராயிங்கைப் பார்த்ததுமே அந்த வரிசை தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஷார்ட்டிங் லிங்க் சிடி பக்கத்திலும் ஸ்லைடு மீட்டர் பக்கத்திலும் வருகிற மாதிரி மாற்றி வரைந்தேன். எல்இடி வைத்த ஃபியூஸ் டெர்மினலுக்குத் தனிச் சிம்பல் கேட்டவரும் அவரே. ஃபியூஸ் போன பிறகும் அந்த எல்இடி வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும், லோடு இணைக்காதபோது லோடு பக்கத்தில் மீட்டர் வைத்தால் வோல்டேஜ் காட்டும். ட்ராயிங்கில் எல்இடி தெரிந்தால் டெஸ்ட் செய்பவர் குழம்ப மாட்டார்.

ஸ்டோரில் பொருள் கேட்டுப் போடும் இன்டென்ட் பற்றி ஸ்டோர் அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்விதான். "ரெண்டடுக்கு டெர்மினலை ஏன் ரெண்டா எண்ணி இன்டென்ட் போடுறீங்க?" மேலடுக்கு ஒரு ஷீட்டிலும் கீழடுக்கு வேறொரு ஷீட்டிலும் வரும். இரண்டையும் மென்பொருளில் இணைத்துவைத்தால்தான் பார்ட் லிஸ்டில் ஒன்றாக விழும். அதற்கான லிங்க்டெர்ம் அட்ரிப்யூட்டைப் புதுச் சிம்பலில் சேர்த்தாயிற்று அண்ணாச்சி, இனி கணக்கு இடிக்காது.

பாலிடெக்னிக் முடித்து வந்திருக்கும் பயிற்சித் தம்பிக்கும் நன்றி. ஒவ்வொரு சிம்பலையும் மென்பொருளின் சிம்பல் ஆடிட் என்ற சோதனையில் போட்டு விடுபட்ட அட்ரிப்யூட்டைப் பிடித்துக் கொடுத்தான். பழைய ப்ராஜெக்ட்களில் சிம்பல் மாற்றும் அலுப்பான வேலையையும் முகம் சுளிக்காமல் செய்தான். இந்த வேலைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்த முதலாளிக்கும் நன்றி. ஆர்டர் நெருக்கடியில் அது எளிதல்ல.

மூன்றடுக்கு டெர்மினலும் எர்த் டெர்மினலின் செங்குத்துச் சிம்பலும் இன்னும் பாக்கி. எர்த் சிம்பலில் ரெயிலோடு உள்ள இணைப்பைக் காட்டலாமா வேண்டாமா என்று அண்ணனுக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் ஓட்டு அக்காவுக்கு. சனிக்கிழமை மதியம் டீ நேரத்தில் இரண்டு மாதிரியும் பிரிண்ட் எடுத்து வைக்கிறேன், வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டிசைன் பிரிவிலிருந்து உங்கள் தம்பி