படகுச் சங்கங்களுக்கு மழைக்காலத்தில் ஓய்வில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் சிறுவர்களுக்குப் பாய்மரப் படகுப் பயிற்சி தரும் சங்கங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட நேத்ரா குமணனும் கோடை முகாம் ஒன்றில்தான் தொடங்கினார் என்பதை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் ‘அக்டோபர் முதல் டிசம்பர் வரை சங்கங்களுக்கு ஓய்வு’ என்ற வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. ஏப்ரலில் உங்கள் பிள்ளை ஏறப்போகும் படகு ஒழுகுமா ஒழுகாதா என்பது புரட்டாசி, ஐப்பசியில் கரையில் நடக்கும் வேலையைப் பொறுத்தது.

சிறுவர்கள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் பாய்மரப் படகு. 2.3 மீட்டர் நீளம், உடல் மட்டும் 35 கிலோ. அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனால், 10 செ.மீ. மழைநீர் தேங்கினாலே 150 கிலோவுக்கு மேல் பாரம் ஏறி, தாங்குகட்டை படும் இடத்தில் ஃபைபர் விரிசல் விடும். கவிழ்த்து, பழைய டயர்கள் மேல் வைத்து, குறுக்காக இரண்டு கயிறு போட்டுத் தரையில் அடித்த முளையில் கட்ட வேண்டும். மரத்தில் கட்டவே கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை எல்லோரும் பார்த்தோம். துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றியதுமே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். 3-ஆம் எண் வரை காத்திருப்பவர்கள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு கயிறு தேடுவார்கள்.

அதற்குமுன் படகுக்குள் இருக்கும் மூன்று காற்றுப்பைகளையும் இறுக ஊதி ஓர் இரவு விடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் வால்வு மூடியில்தான் கசிவு. பாய்மரத்தைப் படகோடு பிணைக்கும் சின்னக் கயிற்றையும் புதிதாக மாற்றிவிடலாம். விலை ஒன்றுமில்லை. அது இற்றுப்போனால் படகு கவிழும்போது பாய்மரம் தான் நிற்கும் குழியிலிருந்து பாதி நழுவி, நெம்புகோல்போல் மேல்பலகையைப் பிளந்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் நாங்கள் ஏற்பதில்லை.

பெரிய பிள்ளைகளின் லேசர் படகில் ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கிறது. பாய்மரம் நிற்கும் குழியில் மணல் சேர்ந்தால், பாய்மரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது உப்புத்தாள்போல் தேய்க்கும். அடி ஓட்டையானால் தண்ணீர் நேரே உடலுக்குள் போகும். சோதனை எளிது: குழியைக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அந்தப் படகு கடலுக்குப் போகக் கூடாது. உடலில் வேறெங்கும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, வெளியே சோப்புத் தண்ணீர் தடவி, பின்புறத் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதினாலே போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டுவந்து மேல்தளத்தின் ஒட்டைப் பிளந்த புத்திசாலிகளும் உண்டு. கரையில் இருக்கும் நாளெல்லாம் அந்தத் துளையின் அடைப்பானைத் தளர்த்தியே வையுங்கள். வெயிலில் உள்காற்று விரிந்தாலும் அதே ஒட்டுதான் விடும்.

லேசரின் பாய்மரம் இரண்டு துண்டு. மாட்டியபடியே விட்டால் உப்பும் மணலும் இறுகி ஜனவரியில் நான்கு பேர் இழுத்தாலும் பிரியாது. பாய்மரத்தில் அடித்திருக்கும் ரிவெட் ஆணியைச் சுற்றி வெள்ளைப்பொடி தெரிகிறதா பாருங்கள். எவர்சில்வர் ரிவெட்டும் பாய்மரத்தின் அலுமினியமும் உப்புநீரில் சேரும்போது அலுமினியம் அரிக்கும். பலத்த காற்றில் பாய்மரம் முறிவது அந்தத் துளையில்தான். பாயை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மடிக்காமல் சுருட்ட வேண்டும். காற்றில் படபடக்க விட்டுக் காயவைப்பது பாயின் ஆயுளைக் குறைக்கும்.

பிள்ளைகளைக் காப்பாற்றக் கூடவே போகும் துணைப்படகின் எஞ்சின் தனிக்கதை. டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் 10 நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் தங்கினால் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது, தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நடுக்கடலில் எஞ்சின் சூடேறி நின்றால், காப்பாற்றப் போனவரைக் காப்பாற்ற இன்னொரு படகு வேண்டும்.

உயிர்காப்புச் சட்டைகளையும் இப்போதே பாருங்கள். பெரியவர்களுக்கான, 50 நியூட்டன் மிதப்புவிசை கொண்ட சட்டையில் 5 கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டித் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கிவிட்டது.

மழை விட்டதும் கடலுக்கு ஓடவும் வேண்டாம். கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டும் கட்டைகளும் ஆகாயத்தாமரையும் சுக்கானை உடைக்கும். அந்தத் தண்ணீரில் கவிழ்ந்து நிமிர்த்தும் பயிற்சி கூடவே கூடாது. காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சலுக்கு அது வாசல். அந்த வாரங்களில் முடிச்சு போடவும் போட்டி விதிகளைப் படிக்கவும் கொட்டகையே போதும். பெற்றோரும் ஒரு ஞாயிறு வந்து கை கொடுத்தால் படகைப் பற்றிய பாதிப் பயம் போய்விடும்.

கோடையில் இன்னொன்று. கத்திரி வெயில் நாட்களில் மேற்கே இருந்து வீசும் கரைக்காற்று வலுவாக இருந்தால் கடல்காற்று பிற்பகல்வரை உள்ளே வராது. அந்தக் கரைக்காற்று சின்னப் படகுகளைக் கடலுக்குள் தள்ளும். ‘வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்’ என்று காலை வகுப்பைக் கேட்கும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள்: மார்ச் மாதம் நீங்கள் வெளியிடும் கோடை முகாம் பட்டியலில் கட்டணத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். பாய்மரக் குழியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்த தேதி என்ன? எஞ்சின் இம்பெல்லர் எப்போது மாற்றப்பட்டது? எத்தனை படகுகளுக்கு ஒரு துணைப்படகு? பதிவேட்டைத் திறந்து காட்டும் சங்கத்தில் பெற்றோர் பணம் கட்டட்டும்.

இப்படிக்கு,
படகுப் பராமரிப்பைக் கவனிக்கும் வாசகர்கள் சிலர்,
சென்னை.