போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்: எட்டு போட்டால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே, நான்குவழிச் சாலையை ஒட்டியுள்ள ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். ராங் சைடில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றி உங்கள் துறைக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கள் பஸ் நிறுத்தத்தில் போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா, கூடையோடு ரோட்டைக் கடக்க நின்றார். வலப்பக்கம் பார்த்தார். லாரி, கார் எதுவும் வரவில்லை. காலை எடுத்து வைத்ததுமே இடப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து அடித்துத் தள்ளிவிட்டது. ஒருவழிப் பாதையில் அந்தப் பக்கமிருந்தும் வண்டி வரும் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பூ கட்டச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார வேண்டும்; மாதக்கணக்கில் அது முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கட்டும் சரத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஸ்கூட்டரை ஓட்டியவன் பிளஸ் ஒன் படிக்கும் பையன், சீருடையில் இருந்தான். பின்னால் அவன் தாத்தா. பையனின் அப்பா வந்து கும்பிட்டு, ஆஸ்பத்திரி செலவை ஏற்றுக்கொண்டார். சமாதானமாகப் போய்விட்டார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், சிறுவர் கையில் வண்டி கொடுத்துக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து என்றும் சொல்கிறது. எங்கள் ஊரில் அது யார் மேலும் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

பையனை விட அந்தத் தாத்தாவை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அவரும் தினமும் அந்த வழியில்தான் வருகிறார். பேரன் அதைப் பார்த்துத்தான் பழகியிருக்கிறான்.

ஐயா, லைசென்ஸ் கொடுக்கும் முன் ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதுதான் என் கோரிக்கை. இது புதிய சட்டமும் அல்ல. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். கண்ணாடியைப் பார்த்துத் திரும்புவது, பாதுகாப்பாக முந்துவது, சிக்னலும் போலீசும் இல்லாத கடவையில் நடப்பவருக்கு வழிவிடுவது எல்லாம் தேர்வில் செய்து காட்ட வேண்டியவை. எங்கள் பக்கம் நடப்பது என்ன? மைதானத்தில் ஓர் எட்டு. கால் ஊன்றாமல் போட்டுவிட்டால் பாஸ். அந்த மைதானத்தில் ரோட்டைக் கடக்க நிற்கும் ஆள் ஒருவரும் கிடையாது.

புதுப்பிக்கும்போதும் இதே கதைதான். நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்று கேட்கிறீர்கள். கண்ணைப் பார்க்காமலே கையெழுத்தாகி வரும் சான்றை நானே பார்த்திருக்கிறேன். இரவில் எதிரே ஹை பீம் வெளிச்சம் அடித்தால் கண் கூசித் தடுமாறும் பெரியவர், அடுத்த ஐந்தாண்டுக்கும் தகுதியானவர் என்று முத்திரை வாங்கிவிடுகிறார். ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நடக்க வைக்கிறீர்கள். வண்டி ஓட்டும் பெரியவர்களுக்கு யார் சொல்லித் தருவது? நான்குவழிச் சாலை போட்டவர்கள் ஊருக்குள் இருப்பவர் எப்படிக் கடப்பார் என்று யோசிக்கவே இல்லை. சர்வீஸ் ரோடு பாதியில் நிற்கிறது. சுங்கம் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை.

கோபத்தில் உங்கள் துறைக்கு வெளியே உள்ளதையும் சேர்த்து எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். வாகன ஆய்வாளர் பக்கத்தில் இருந்து, போக்குவரத்து உள்ள சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்த்த பிறகே லைசென்ஸ் தர உத்தரவிடுங்கள். புதுப்பிக்க வருகிறவரின் கண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். ராங் சைடில் பிடிபடுகிறவர் அபராதம் கட்டினால் மட்டும் விட்டுவிடாமல், மறுபடி ஓட்டிக் காட்ட வரச் சொல்லுங்கள். வயது பதினெட்டோ எழுபதோ, எல்லாருக்கும் ஒரே சோதனை இருக்கட்டும்.

தாங்கள் ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த நிறுத்தத்தில் தினமும் பஸ் ஏறும் ஒருவன்