டொன்சோல் ஊராருக்கு, தங்கச்சிமடத்திலிருந்து நன்றி

பிலிப்பைன்ஸில் லூசோன் தீவின் தென்கிழக்குக் கோடியில், சோர்சோகோன் மாகாணத்தில், டொன்சோல் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. இந்த மடல் அந்த ஊர்க்காரர்களுக்கு. அவர்களால் இதை வாசிக்க முடியாது. ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பியாயிற்று. ஆனால் அப்பா விடவில்லை. "அவுகளுக்கு எழுதினா மட்டும் போதுமா? அவுக செஞ்சது நம்ம ஆளுகளுக்கும் தெரிய வேணாமா?" என்றார். அதனால்தான் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அப்பா தங்கச்சிமடத்தில் ஆயுசு முழுக்க நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர். எங்கள் கப்பலின் போசன், அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி, டொன்சோல்காரர். "உன் அப்பாவை ஒரு தடவை எங்கள் ஊருக்குக் கூட்டி வா" என்று மெஸ்ஸில் உட்காரும்போதெல்லாம் சொல்வார். இந்தத் தவக்காலத்தில் போனோம். போசனுக்கு மட்டும் ரிலீவர் வரவில்லை, அவர் அட்லாண்டிக்கில் எங்கேயோ இருந்தார். கூப்பிட்டவர் இல்லாத வீட்டில் விருந்தாளியாகப் போய் இறங்கினோம்.

இறங்கியதும் ஒரு தொல்லை. மணிலாவில் விமானத்தில் ஏறும்போது, மேலே இடமில்லை என்று அப்பாவின் கைப்பையை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டார்கள். தராகாவில் இருக்கிற விமான நிலையத்தில் எங்களோடு அது வந்து சேரவில்லை. சர்க்கரை மாத்திரை அத்தனையும் அதற்குள்தான். விமானக் கம்பெனி ஆட்கள் படிவம் கொடுத்தார்கள், பை கொடுக்கவில்லை.

போசனின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது இருட்டிவிட்டது. அந்த நானாய் (அம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டைத் தட்டினார். ஒரு வீட்டிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷின் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து, மறுநாள் காலையில் முனிசிபாலிட்டி சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக டிரைசைக்கிள் தம்பி ஒருவர் வந்தார். அந்தச் சுகாதார நிலைய டாக்டருக்கு முதல் நன்றி. அப்பாவுக்குத் தன் மாத்திரையின் பெயர் தெரியாது. வெள்ளை காலையும் ராத்திரியும், பச்சை சோற்றுக்கு முன்னால், அவ்வளவுதான். என் போனில் அட்டையின் படம் இருந்தது. டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி, கம்பெனிப் பெயரைத் தாண்டிக் கீழே பொடி எழுத்தில் இருந்த மெட்ஃபார்மினையும் கிளிமெபிரைடையும் கண்டுபிடித்து, அந்தப் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். அங்கே 1988லிருந்து சட்டமே அப்படித்தான், மருந்துச் சீட்டில் மூலப்பெயர் இருந்தாக வேண்டும். நம் ஊரில் ஒரு டாக்டரின் சீட்டை அடுத்த தெரு மருந்துக்கடையில் நீட்டினாலே பாதி நேரம் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இதை எழுதாமல் போக மனம் வரவில்லை.

வெள்ளை மாத்திரை ஊரிலேயே கிடைத்தது. பச்சைக்காக அந்த டிரைசைக்கிள் தம்பி பக்கத்து ஊரான பிலார் வரைக்கும் போய் வந்தார். கூலி வாங்கினார், ஊர்க்காரருக்கு என்ன கூலியோ அதை மட்டும்.

அடுத்து, தங்கலான் கடற்கரைப் பக்கமிருந்த பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு. டொன்சோலுக்கு வெளியூர் ஆட்கள் வருவதே திமிங்கலச் சுறாவைப் பார்க்கத்தான். அங்கே அதற்குப் பெயர் புத்தாண்டிங். மீன் இனத்திலேயே பெரியது. ஆனால் திறந்த வாயால் நீரை வடிகட்டிப் பொடி உயிர்களைத் தின்கிற சாது. ஆறு கொண்டுவந்து கொட்டும் சத்தில் கடலில் மிதவை உயிர்கள் பெருகும், அதைத் தேடி இவை வரும். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நான் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன். அந்த அண்ணன் வாங்கவில்லை. "காலையில் போன படகு ஒன்றும் பார்க்காமல் திரும்பியிருக்கிறது. இந்த வாரமே குறைவு. கட்டிய பணம் திரும்பி வராது. அப்பாவிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்" என்றார். பிழைப்பே அந்தக் கவுண்டரில்தான், அப்படியும் சொன்னார்.

செபு தீவில் ஒஸ்லோப் என்ற ஊரில் பொடி இறாலைக் கையால் போட்டுத் தினமும் இதே சுறாவைக் கரைப்பக்கம் நிறுத்திவைக்கிறார்கள். கூட்டம் அங்கேதான் அலைமோதுகிறது. டொன்சோல்காரர்களும் அப்படிச் செய்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் தீனி போடுவதில்லை. ஆள் வராத மாதங்களில் அதன் நஷ்டம் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் போனபோது ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை, அவர் படகைப் பார்க்க வந்தவர் மாதிரிதான் இருந்தார். இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துக் கட்டிய பங்கா. குறுக்குக் கட்டையையும் மூங்கிலையும் ஆணியில்லாமல் தங்கூசி நரம்பால் இழுத்துச் சுற்றியிருந்தார்கள். அப்பா அந்தக் கட்டில் விரல் நகத்தை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. படகோட்டி அதைக் கவனித்துவிட்டு, பெட்டியிலிருந்து தங்கூசியை எடுத்து வெறும் மூங்கில் துண்டில் மெதுவாக ஒருமுறை சுற்றிக் காட்டினார். அப்பா பிரித்துவிட்டுத் தானே சுற்றினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. வாடைக்காற்று எந்தப் பக்கம், கரைக்குத் திரும்பும்போது அலை எப்படி விழும் என்றெல்லாம் கையாலேயே பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் படகோட்டிக்கும், உச்சிவெயிலில் கம்பத்தில் ஏறி நின்று தண்ணீருக்குள் நிழல் தேடிய தம்பிக்கும் நன்றி.

வழிகாட்டி அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தாண்டிங் பார்க்க இறங்குகிறவர்களோடு ஒரு வழிகாட்டி கட்டாயம். அவர் கறார் பேர்வழி. ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஆறு பேருக்கு மேல் இறங்கக்கூடாது, தொடக்கூடாது, ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதெல்லாம் சரி. அப்பாவை லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னபோதுதான் தகராறு. "கடல்ல பொறந்தவனுக்கு இந்தச் சட்டை எதுக்குடா?" வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "தாத்தாய், போடாவிட்டால் படகு கிளம்பாது" என்றார். தாத்தாய் என்றால் அங்கே அப்பா. படகும் கிளம்பவில்லை. கடைசியில் போட்டுக்கொண்டார்.

மறுபடி போன அன்று கம்பத்துத் தம்பி கை காட்டினார். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்காது, பச்சையாகக் கலங்கியிருக்கும். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி இறங்கினார், பின்னால் நான். கொஞ்ச நேரம் பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பச்சைக்குள்ளிருந்தே புள்ளி புள்ளியாக ஒரு முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. வால் கடந்து போவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இன்னொரு படகு கிட்டே வரப் பார்த்தது. எங்கள் வழிகாட்டி தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டார், அது விலகிவிட்டது.

படகில் ஏறியதும் அப்பா சொன்னது இது: "நம்ம வலையில விழுந்தப்ப கறுப்பாத்தான் தெரிஞ்சுது. வலை போச்சேன்னு அதையே வஞ்சுக்கிட்டு இருந்தேன். இத்தனை புள்ளி இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்." இந்தியாவில் 2001லிருந்து இதைப் பிடிக்கத் தடை. வலையை அறுத்து விட்டுவிட வேண்டும் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், வலைக்காரனின் கோபமும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புள்ளிகளைப் படமெடுத்துத்தான், கைரேகை மாதிரி, எது எந்தச் சுறா என்று அங்கே அடையாளம் வைக்கிறார்கள். வழிகாட்டி இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப நம்ம வலையைக் கிழிச்சது எதுன்னு கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். படகே சிரித்தது.

டொன்சோலிலும் எடுத்ததும் எல்லாம் இப்படி இருக்கவில்லை. 1998இல் இங்கே இவை கூட்டமாக வருகிற செய்தி வெளியே பரவியதும், வேட்டைக்காரர்கள் வந்து சிலவற்றைக் கொன்றிருக்கிறார்கள். அந்த வருடமே பிலிப்பைன்ஸ் அரசு நாடு முழுக்கத் தடை போட்டது. மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் வழிகாட்டிகளானார்கள். 2009இல் பக்கத்துப் பிலாரில் வெறும் 38 சென்டிமீட்டர் குட்டி ஒன்று, வாலில் கயிறு கட்டிய நிலையில் கிடைத்து, அதையும் பத்திரமாகக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

பெரிய வியாழன் ராத்திரி, போசன் வீட்டுத் தெருவில் இயேசுவின் பாடுகளின் சரித்திரத்தை விடிய விடியப் பாடினார்கள். நாங்களும் கத்தோலிக்கர்தான். அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் இஞ்சித் தண்ணீரும் கொடுத்தார்கள். மொழி புரியாமலே உட்கார்ந்திருந்தவர், ஒரு இடத்தில் தானும் மெதுவாக நம் ஊர் ஒப்பாரியை முனக ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, மைக்கை அவர் பக்கம் தள்ளினார். அவர் பாடி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்கள். அந்தத் தெருவுக்கு என்ன சொல்வது!

சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு வேகவைத்துத் தினம் ஒருவேளை போட்ட போசன் வீட்டு அண்ணிக்கும், ராத்திரி ஆற்றில் கூட்டிப்போய் மின்மினி மரங்களைக் காட்டிய பையன்களுக்கும், தொலைந்த பைக்காக விமான நிலையத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்ட கடைக்கார அக்காவுக்கும் நன்றி. பை நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கொடுக்கப் போனோம். வெளியில் வாங்கியது சேர்க்க மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதிலும் கறார்தான்.

போசன் அடுத்த மாதம் ஊருக்கு இறங்குகிறார். அவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். படகோட்டிக்கு அப்பா கொடுத்தனுப்பிய வலை ஊசிகள், தெருவுக்குப் பனங்கற்கண்டு. நானாய்க்கும் சர்க்கரை உண்டு என்பதால், அவர் கைக்கு எட்டாமல் வைக்கும்படி அண்ணிக்குத் தனியாக ஒரு சீட்டு உள்ளே இருக்கிறது.