ஆடுவதும் ஒரு வேலைதான், மல்லிகா

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. ஆனால் பலாப்பழ சீசன் முடிகிற வரைக்கும் அதை நம்ப முடியாது. பண்ருட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு மனுஷனைப் பலாச்சுளை தின்னாதே என்று சொல்வது லேசான காரியமா? பெரியவன் வழக்கம்போல் பாண்டிக்கு பஸ்ஸில் போய் வருகிறான். போனில் பேச வேண்டியதை எல்லாம் நாம் இருவரும் தபாலில் எழுதிக்கொள்கிறோம் என்று மருமகள் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பேத்தியின் அரங்கேற்றம் பற்றி எழுதியிருந்தாய். மண்டப வாடகை, பக்கவாத்தியம், டிரஸ், மேக்கப், வீடியோ, சாப்பாடு என்று உன் மகன் போட்ட கணக்கைப் பார்த்து மலைத்துப்போய், "இதை ஆடி என்னடி ஆகப்போகிறது? அந்தக் காலத்தில் ஜனங்கள் எதற்குத்தான் ஆடினார்களோ" என்று கேட்டிருக்கிறாய். நீ புலம்பலாகத்தான் கேட்டாய். எனக்கோ ரிட்டையரான பிறகு படிக்க நேரம் நிறைய. கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது, அதனால் ஆடினார்கள். நோய் தீரவேண்டும், மழை பெய்யவேண்டும், செத்தவர் நல்லபடி போய்ச் சேரவேண்டும், போருக்குப் போகிறவனுக்குக் கை நடுங்கக்கூடாது. உட்கார்ந்து பார்க்கிற கூட்டமும் கைதட்டலும் பிறகு வந்து சேர்ந்துகொண்டவை.

பள்ளிக்கூடத்தில் வெறியாட்டு என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெண் இளைத்துப் போகிறாள். அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. முருகன் பிடித்திருக்கிறான் என்று சொல்லி, முருகனுக்குப் பூசை செய்கிற வேலனைக் கூப்பிடுகிறாள். களம் போட்டு, ஆட்டுக்குட்டி அறுத்து, அவன் ஆடுகிறான். மருந்தும் அந்த ஆட்டம்தான், நோய் என்ன என்று கண்டுபிடிப்பதும் அந்த ஆட்டத்தில்தான். பெண்ணுக்கு வந்திருப்பது காதல் என்பது தோழிக்கு மட்டும் தெரியும். நற்றிணையில் ஒரு தோழி முருகனையே பிடித்து உலுக்குகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று உனக்கே தெரியும், வேலன் கூப்பிட்டான் என்று மாலையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் உனக்கு அறிவில்லை என்கிறாள். சாமியை இப்படித் திட்ட அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இருந்த தைரியம் நமக்கு வராது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையும் அப்படித்தான். மதுரைக்கு வெளியே இடையர் சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று மாதரிக்குப் புரிகிறது. உடனே ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு சுரத்தின் பெயரை அவர்களுக்கு வைத்து, கைகோத்து ஆடச் சொல்கிறாள். சகுனத்தைத் திருப்புவதற்கான வேலை அது. அதற்குள் கோவலன் வெட்டுப்பட்டுவிட்டான் என்பது வேறு விஷயம். ஆடினால் நடக்கும் என்று அவர்கள் நம்பினார்கள் என்பதை மட்டும் பார்.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். கல்யாணச் சாவு. பறை அடித்துக்கொண்டு பையன்கள் பாடைக்கு முன்னால் தெரு நெடுக ஆடிக்கொண்டு போனார்கள். மருமகள் ஜன்னலைச் சாத்திவிட்டாள், செத்த வீட்டில் என்ன குத்தாட்டம் என்று. எகிப்தில் கல்லறைச் சுவர்களில் இதையேதான் வரைந்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். நாணலால் பின்னிய உயரமான கிரீடம் வைத்த ஆண்கள், பிணத்தைக் கொண்டுவரும் ஊர்வலத்தை ஆடியபடி கல்லறைக்கு அருகே எதிர்கொள்கிறார்கள். 'மூ' என்று பெயர் அவர்களுக்கு. "எகிப்து இருக்கட்டும் அத்தை, குழந்தைக்குப் பரீட்சை" என்றாள். அவள் சொல்வதும் சரி.

இதை எல்லாம் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை, நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழா ஒன்றை ஒழுங்காகப் பார்த்தால் போதும். சின்ன வயதில் கூத்துக்குப் போனால் நீ கட்டியங்காரன் வருகிறவரை முழித்திருப்பாய், அப்புறம் என் மடியில் தூங்கிவிடுவாய். அதனால் விடிந்த பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. நான் இந்த வருஷம் குறிஞ்சிப்பாடி பக்கத்து ஊர் ஒன்றில் மறுபடி பார்த்தேன். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் அத்தனை உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுகிறார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுகிறார். கீழே பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மடியேந்திக் காத்திருக்கிறார்கள். அந்தப் பழம் அவர்களுக்குச் சாதாரணப் பழமா?

கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் தரையோடு தரையாகப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் சுற்றிச் சுற்றி ஆடி வந்து தொடையில் அடிக்கிறார். அதன் பிறகுதான் பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள். அன்று சாயங்காலமே தீமிதி. கூத்து முடிகிற இடமும் பூசை தொடங்குகிற இடமும் எது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியவர் கிறுகிறுவென்று சுழன்று வரும்போது நாலு பெண்களுக்குச் சாமி வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பதறவில்லை. ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள், ஒருத்தி வேப்பிலை கொண்டுவந்தாள். அங்கே பார்வையாளர் என்று யாரும் இல்லை, ஆளுக்கொரு வேலை இருந்தது.

அப்புறம், நான் கருவூலத்தில் சம்பளப் பட்டியலோடு மாரடித்தவள் அல்லவா, தஞ்சாவூர்க் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உனக்குப் புரியாது. இராஜராஜன் பெரிய கோயிலுக்குச் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் என்கிற கோயில் ஆடல் பெண்கள் 400 பேரை வரவழைத்துக் குடிவைத்தான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். அவள் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஒருத்தி இறந்துபோனால் நெருங்கிய உறவில் தகுதி உள்ளவர் அந்த வேலையைச் செய்யலாம், தகுதி இல்லை என்றால் தகுதி உள்ள இன்னொருவரை வைத்துச் செய்யச் சொல்லி நெல்லைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் ஆபீஸில் கருணை அடிப்படை நியமனத்துக்கு எத்தனை கோப்பு சுற்றும்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்வெட்டில் முடித்துவிட்டார்கள்.

அந்த வேலையில் ஆட்டம் ஒரு பங்குதான். பிற்காலத்துக் கோயில்களில் சாமிக்குக் கும்ப ஆரத்தி எடுத்துத் திருஷ்டி கழிப்பது இந்தத் தேவதாசிகள் பொறுப்பு. கல்யாண வீடுகளில் தாலிக்கயிற்றில் மணி கோத்துத் தரவும் அவர்களைத்தான் கேட்பார்களாம். சாமிக்கே வாழ்க்கைப்பட்டவர்கள், விதவை ஆவதே இல்லை என்பதால் அந்தக் கைக்கு அத்தனை ராசி. அதே கையை ஊர் வேறு எப்படி எல்லாம் நடத்தியது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அம்மா அந்தக் குலத்தில் பிறந்தவர். ஆகையால் சட்டசபையில் அவர் பேசியது ஏட்டில் படித்ததை வைத்து அல்ல. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்தது. அது வந்திருக்கத்தான் வேண்டும். அதற்கு முன்பே, 1935இல் ருக்மிணி தேவி மேடை ஏறிவிட்டார், மறு வருஷம் கலாக்ஷேத்ராவும் வந்துவிட்டது. தேவதாசிகள் ஆடிய சதிர் போய்ப் பரதநாட்டியமாக நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களின் வீட்டுப் பெண்கள் பலர் வெளியே நின்றார்கள். அந்தப் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி மாதிரி ஒருவர் இரண்டு காலத்தையும் தாண்டி நின்றது அவருடைய திறமை. எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

நீ நம்பமாட்டாய், இந்தக் கதையில் நம் ஊரும் வருகிறது. நாம் மொட்டைக்கும் கல்யாணத்துக்கும் போகிற திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலைச் சேர்ந்த ஆடல் பெண்கள் 1838இல் பாரீஸுக்குப் போயிருக்கிறார்கள்! தார்திவேல் என்கிற பிரெஞ்சு வியாபாரி பாண்டிச்சேரியில் ஒப்பந்தம் போட்டு ஐந்து பெண்களையும் மூன்று வாத்தியக்காரர்களையும் கப்பல் ஏற்றினான். தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், இவர்களோடு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. அதற்கு முன்பு பாரீஸ்காரர்கள் நம் ஆட்டப் பெண்களைப் பார்த்தது எல்லாம் அவர்கள் ஊர் மேடையில் வெள்ளைக்காரிகள் போட்ட வேஷத்தில்தான். இவர்கள் வரியேத்தே தியேட்டரில் ஆடினார்கள், ராஜா லூயி பிலிப் முன்னால் ஆடினார்கள், பிறகு லண்டனில் அடெல்ஃபி தியேட்டரில் ஆடினார்கள். கோத்தியே என்கிற எழுத்தாளர் அம்மணியைப் பற்றி உருகி உருகி எழுதினார். பார் என்கிற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார்.

எனக்கு அந்தப் புகழைவிட வேறு ஒன்று உறுத்துகிறது. திருவந்திபுரத்தில் அவள் ஆடினால் தேவநாதனுக்குச் செய்யும் சேவை. பாரீஸில் அதே அடவு, அதே பதம், ஆனால் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ராத்திரி பொழுது போகவேண்டும். திருஷ்டி கழிப்பதற்கு அங்கே சாமி ஏது? உன் பேத்தி ஏறப்போகிற மேடையின் வேர் ஒன்று அங்கேயும் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆட்டத்துக்குச் சக்தி உண்டு என்பதை அதைத் தடை செய்தவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஹவாய்த் தீவில் ஹூலா ஆட்டத்தோடு சேர்த்துத்தான் ராஜவம்சத்தின் கதையையும் தெய்வங்களின் கதையையும் வாய்வழியாகக் காப்பாற்றி வந்தார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய ராணி காஹுமானு 1830இல் அதைப் பொது இடத்தில் ஆடக்கூடாது என்றாள். 1883இல் கலகவா ராஜா தன் முடிசூட்டு விழாவில் பிடிவாதமாகத் திரும்ப ஆடவைத்தார். கனடாவில் பழங்குடிகளின் பாட்லாட்ச் விருந்தும் ஆட்டமும் 1885 முதல் 1951 வரை குற்றம். அமெரிக்காவில் லகோடா ஜனங்கள், ஆடினால் செத்த முன்னோர்களும் காட்டெருமைகளும் திரும்பி வருவார்கள் என்று வட்டமாக ஆடினார்கள். அதற்கே பயந்து பட்டாளம் வந்தது. 1890 டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்ற இடத்தில் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் சுட்டார்கள். வெறும் பொழுதுபோக்காக இருந்தால் யாராவது துப்பாக்கி எடுப்பார்களா, சொல்லு.

சரி, அரங்கேற்றத்துக்கு வருவோம். செலவைக் குறைக்கச் சொல்லு, அது நியாயம். வீடியோக்காரருக்கு இரண்டு கேமரா எதற்கு? ஆனால் ஆட்டத்தை வீண் என்று அந்தக் குழந்தை காதுபடச் சொல்லாதே. முடிந்தால் அதற்கு முன் அவளை ஒரு தடவை சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. கோபுர வாசல்களின் உள்சுவரில், கரணங்கள் என்கிற ஆட்ட நிலைகள் 108ம் வரிசையாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திரச் சுலோகத்தையும் கிரந்தத்தில் செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சாவூரிலும் கரணங்கள் உண்டு, ஆனால் அங்கே ஆடுவது சிவன், மேல்தளத்துக்கு நம்மை ஏறவிடவும் மாட்டார்கள். 81 முடித்ததோடு சரி, மிச்சக் கற்களைச் செதுக்காமலே விட்டுவிட்டார்கள். சிதம்பரத்தில் ஆடுவது பெண், பக்கத்தில் குட்டியாக வாத்தியக்காரர்கள். அவள் வகுப்பில் போடுகிற நிலைகளை அவளே கண்டுபிடிப்பாள், உனக்கும் எனக்கும் சொல்லியும் கொடுப்பாள். அப்படியே தில்லைக் காளியையும் பார்த்துவிடலாம். ஆட்டப் போட்டியில் சிவன் காலைத் தலைக்கு மேலே தூக்கினார், காளி பெண் என்பதால் வெட்கப்பட்டுத் தூக்கவில்லை, அதனால் தோற்றாள், ஊர் எல்லைக்குப் போனாள் என்று கதை. இந்தப் போட்டிக்கு நடுவர் யார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். உன் பேத்தி காலைத் தூக்குவாள் இல்லையா?

தேதி குறித்ததும் உடனே எழுது. மார்கழி திருவாதிரையை ஒட்டி வைத்துவிடாதே, அந்த நாளில் சிதம்பரத்துக்குத் தரிசனத்துக்குப் போகிற உறவுக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள், என்னால் அசைய முடியாது. முந்திரி கேட்டிருந்தாய். முழுப்பருப்பு வேண்டுமா, உடைத்தது போதுமா என்று சொல்லவில்லையே. பாயசத்துக்கு மட்டும் என்றால் உடைத்ததே வாங்கி வைக்கிறேன், முழுப்பருப்பு விலைக்கு உன் மகன் இன்னொரு கேமரா வாடகைக்கு எடுத்துவிடுவான்.

உன்,
சரோஜா