இலக்கணத்தைப் பிரித்தது போதும், செய்தும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

'வந்தனன்: வா + த்(ந்) + த் + அன் + அன்.' பத்தாம் வகுப்புப் பிள்ளையை நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடும். பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி எல்லாம் வரிசை மாறாமல் வரும். அந்தச் சாரியை எதற்கு அங்கே நிற்கிறது, அது இல்லாமல் 'வந்தான்' என்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டால்தான் முழிக்கும். பிள்ளைமேல் தவறில்லை. பிரிக்கச் சொல்லிக்கொடுத்த நாம், சேர்த்துப் பார்க்க அதை ஒருநாளும் விட்டதில்லை.

கோடை விடுமுறை வந்தால் மதுரையில் நீச்சல், சிலம்பம், கீபோர்டு என்று முகாம்கள் வரிசைகட்டுகின்றன. செலவே இல்லாத ஒன்றையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏழாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஆளுக்கொரு நோட்டுடன் ஒரு புது மொழியைச் செய்யட்டும். வாரம் இரண்டு மணி நேரமாக ஆறு வாரம் போதும்.

புது மொழி செய்வது கிறுக்குத்தனம் அல்ல. 1887-இல் வார்சாவில் கண் மருத்துவர் ஸாமன்ஹாஃப் 16 விதிகளோடு எஸ்பெராந்தோவை வெளியிட்டார். அதில் பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், பெயரடை எல்லாம் 'அ'வில் முடியும். இன்றும் அதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது கிளிக்கி. 2015-இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வைத்துச் செய்த மொழி அது. அங்கிருந்து பேச்சை எடுத்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

உட்கார்ந்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம், கோணல்மாணலாகப் புது எழுத்து வரைவது. அதைத் தடுக்க வேண்டும். 'க'வுக்கு ஒரு வட்டம், 'ச'வுக்கு ஒரு கொக்கி என்று வரைந்தால் கிடைப்பது தமிழுக்கு ஒரு மாறுவேடம்தான், மொழி அல்ல. ஒலி முதலில், எழுத்து கடைசியில். இதற்குச் சான்று நம் ஊர்ப் பக்கத்திலேயே மாங்குளம் மலையில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற, 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டு அது. தமிழி என்பது பிராமியிலிருந்து தமிழுக்கென அமைந்த பழைய எழுத்து. அவன் பெயரிலேயே ஒரு 'ழ' உண்டு. வடக்கே வழங்கிய பிராமியில் ழ, ள, ற, ன என்ற தமிழ் ஒலிகளுக்குக் குறி இல்லாததால் அவற்றுக்கெனத் தனிக் குறிகள் செய்துகொண்டார்கள். ஒலி இருந்தது, அதற்கு ஏற்றபடி எழுத்து வந்தது.

ஒலிகளில் பேராசை கூடாது. 12 மெய், 5 உயிர் போதும். பெருக்கினால் 60 அசை. இரண்டு அசைச் சொற்கள் மட்டுமே 3,600 வரும். ஆறு வாரத்துக்கு 200 சொல் தாராளம். அடுத்து, எந்த ஒலி சொல்லின் முதலில் வரலாம், எது கடைசியில் நிற்கலாம், எதோடு எது சேரலாம் என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ்ப் புத்தகத்தில் மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம் என்று வரும் பாடம் இதுதான். பிள்ளைகள் வெறுக்கிற பாடமும் இதுதான். சொந்த மொழிக்கு இந்த விதியை எழுத உட்காரும்போதுதான் தமிழில் க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும், ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேராது என்பது எவ்வளவு கச்சிதமான விதி என்று தெரியும். 'பக்தி' ஏன் 'பத்தி' ஆனது, 'ராமன்' ஏன் 'இராமன்' ஆனான் என்பதும் அப்போதே விளங்கும். வந்த சொல்லை வீட்டு விதிக்கு வளைத்திருக்கிறோம். விதியும் அசையாமல் நிற்பதில்லை. தொல்காப்பியம் 'ச' என்ற எழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்றது, நன்னூல் அதை அனுமதித்துவிட்டது. நடுவில் மக்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் காரணம்.

சொற்களைப் பட்டியலாகச் செய்யும்போது ஒரு கோளாறு தவறாமல் வரும். ஒன்றுக்கு 'தபி', இரண்டுக்கு 'தபு', மூன்றுக்கு 'தபெ' என்று ஒழுங்காக வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். சந்தை இரைச்சலில் இரண்டா மூன்றா என்று யாருக்கும் கேட்காது. 1668-இல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் உலகத்துப் பொருள்களையெல்லாம் 40 பெரும்பிரிவுகளாக வகுத்து, பிரிவுக்கேற்ப ஒரு மொழி செய்தார். நெருங்கிய பொருள்களுக்கு நெருங்கிய சொற்கள் அமைந்து, ஓர் எழுத்து பிசகினால் பொருளே மாறியது. எண், திசை, உறவுமுறை மூன்றிலும் சொல்லுக்குச் சொல் குறைந்தது இரண்டு ஒலியாவது வேறுபடட்டும்.

இலக்கணத்துக்கு வரும்போது பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் தமிழ் வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் புதுச் சொல்லை ஒட்டிவிட்டு மொழி முடிந்தது என்பார்கள். அதிலிருந்து மீட்க ஒரே வாக்கியம் போதும், பாட்டி வடை சுட்ட கதையிலிருந்து:

பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிக்கிட்டுப் போயிருச்சாம்.

இதைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு துண்டாகக் கையை வைத்து மூடிப் பார்க்கச் சொல்ல வேண்டும். 'சுட்ட' என்ற பெயரெச்சம் ஒரு முழு வாக்கியத்தையே வடைக்கு முன்னால் அடையாக நிறுத்துகிறது. 'எந்த வடையைப் பாட்டி சுட்டாளோ அந்த' என்று இழுக்க வேண்டிய தேவையே இல்லை. 'வடையை' என்பதில் ஐ இருக்கிறது. ஆனால் 'வடை தின்னான்' என்றும் சொல்கிறோம். ஐ இருந்தால் குறிப்பிட்ட அந்த வடை, இல்லாவிட்டால் ஏதோ வடை. 'பாட்டி பார்த்தேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும், உடனே சிரிப்பார்கள். ஆளாக இருந்தால் ஐயை விட முடியாது. இந்த வேறுபாட்டைப் பேசுகிற எல்லோரும் பிசகாமல் கையாள்கிறார்கள், கேட்டால் விதி சொல்லத் தெரியாது. 'கிட்டு' என்பது கொண்டு. காக்கா தனக்காகத் தூக்கியது. 'போயிருச்சு' என்பதில் காரியம் முடிந்ததும் இருக்கிறது, 'அடடா' என்ற ஆற்றாமையும் இருக்கிறது. சென்னையில் 'போயிடுச்சு', நம் பக்கம் 'போயிருச்சு'. கடைசியில் வருகிற 'ஆம்' இருக்கிறதே, அது தனி அழகு. 'நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன்' என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. கொலம்பியாவில் துயுக்கா என்ற பழங்குடி மொழியில் இப்படி ஐந்து வகை உண்டு. கண்ணால் கண்டது, வேறு புலனால் உணர்ந்தது, தடயம் பார்த்து அறிந்தது, பிறர் சொன்னது, இப்படித்தான் இருக்கும் என்று கொண்டது. வினைமுற்றில் அதைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.

இப்போது ஒவ்வொரு குழுவும் இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றையும் பற்றித் தன் மொழிக்கு ஒரு முடிவு எடுக்கட்டும். வைத்துக்கொள்ளலாம், விடலாம், வேறொன்றாக மாற்றலாம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நம் வரிசையே உலக மொழிகளில் அதிகம். செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் கடைசியிலும் வருவது மிக அரிது. பிரேசிலின் ஹிஷ்கர்யானா மொழியில் அது உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தின் அயல்கிரகவாசிகளுக்காகக் கிளிங்கான் மொழியைச் செய்த மார்க் ஒக்ராண்ட், அரிது என்பதற்காகவே அந்த வரிசையைத் தேர்ந்தார். பிள்ளைகளும் துணிந்து எடுக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லிவைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் அடைமொழி எங்கே நிற்கும், வேற்றுமை உருபு சொல்லுக்கு முன்னா பின்னா என்பதையும் அதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். தனியாக ஒன்றை மட்டும் திருப்பினால் மற்றவை இடிக்கும்.

மூன்றாம் வாரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். மதுரைபோல இதற்கு வாய்த்த ஊர் குறைவு. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர மொழி கேட்கும். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பக்கத்திலேயே இருக்கும். 'நாம்', 'நாங்கள்' பற்றி ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வரட்டும். தெலுங்கில் மனமு, மேமு என்று இரண்டு உண்டு. கன்னடத்தில் நாவு ஒன்றுதான், இந்தியிலும் ஹம் ஒன்றுதான், எஸ்பெராந்தோவிலும் ஒன்றுதான். கேட்கிற முறை முக்கியம். 'உங்கள் மொழியில் நாங்கள் என்பதற்கு என்ன சொல்?' என்று கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள், அல்லது ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். 'நீங்க வராதீங்க, நாங்க மட்டும் கோயிலுக்குப் போறோம்', 'வாங்க, நாம எல்லாரும் போவோம்' என்று இரண்டு வாக்கியமாகக் கேட்க வேண்டும். அனுமதி வாங்கிக்கொண்டு போனில் பதிய வேண்டும். ஒரே ஆளை அரை மணிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. களைத்த பிறகு கிடைக்கும் பதில் பயன்படாது.

சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் குறிக்கப் போனால் உடனே இடறும். ம், ந், ல், ர் போன்ற ஒலிகளோடு மூச்சு சேர்ந்து வரும் சொற்கள் அதில் உண்டு. அதற்கு நம் எழுத்தில் வழியில்லை. அந்த மொழியின் சொந்த எழுத்தில் 'ஹாரு' என்று தனிக் குறியே இருக்கிறது. 2008-இல் யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்து சேர்ந்தபோது அதுவும் சேர்ந்தது. பிள்ளைகள் போகும் முன்பே, மூச்சுக்கு ஒரு குறி, க-வை அழுத்திச் சொன்னால் ஒரு குறி, மெல்லச் சொன்னால் ஒரு குறி என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் தமிழ் உச்சரிப்பாகவே மாறியிருக்கும்.

இனி, செய்த மொழி செய்ததுபோலத் தெரியக் கூடாது என்றால் அதற்கு வயது ஏற்ற வேண்டும். நம் பேச்சே அதற்குப் பாடம். குடம், இலை, புகை, விலை ஆகியவை வாயில் கொடம், எலை, பொகை, வெலை ஆகின்றன. துணியும் புலியும் மாறுவதில்லை. இல்லை என்பது எல்லை ஆவதில்லை. ஏன் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விட வேண்டும். முதல் இ, உ-வுக்குப் பின் ஒற்றை மெய்யும் அதன்மேல் அ அல்லது ஐயும் வந்தால்தான் மாற்றம். அதேபோல் படித்தான் படிச்சான் ஆகிறது, காய்ந்தது காஞ்சது ஆகிறது, பார்த்தானும் வந்தானும் அந்த வழியில் போவதில்லை. முன்னால் இ, ஐ, ய் இருக்கிற வினைகளுக்குத்தான் அந்த விதி. விதிகள் எந்த வரிசையில் நடந்தன என்பதையும் காட்டலாம். ஐந்து எப்படி அஞ்சு ஆனது? ஐ பக்கத்தில் இருந்ததால் முதலில் ந்து, ஞ்சு ஆனது. அதன்பிறகு ஐ, அ ஆனது. வரிசை தலைகீழாக இருந்திருந்தால் இன்று 'அந்து ரூபாய்' என்று சொல்லிக்கொண்டிருப்போம். பிள்ளைகள் தங்கள் 200 சொற்களின்மேல் இப்படி இரண்டே விதியை, எது முதலில் என்று எழுதி வைத்து ஓட்டட்டும். இரண்டுக்கு மேல் போனால் சொற்கள் ஒன்றோடொன்று மோதி ஒரே வடிவமாகிவிடும், அவிழ்க்க நேரம் போதாது.

கடைசி இரண்டு வாரம் சோதனை. ஒரு குழு தன் மொழியில் ஐந்து வரிக் கடிதம் எழுதி, இரண்டு பக்க விதிக் குறிப்போடு அடுத்த குழுவிடம் கொடுக்கட்டும். ஒரு வாரம் கழித்து எழுதிய குழுவே தன் கடிதத்தைத் திரும்பப் படிக்கட்டும். எழுதியவர்களுக்கே புரியாவிட்டால் பெரும்பாலும் காரணம், விதி நோட்டில் ஏறாமல் தலையில் மட்டும் இருந்திருக்கும்.

புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே சிறுவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஓர் அறை ஒதுக்கினால் மே மாதத்திலேயே தொடங்கலாம். உங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை உண்டு. சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் 2003 முதல் நடக்கிறது. இந்தியாவில் அதற்குப் பாணினி மொழியியல் ஒலிம்பியாட் வழியாகத் தேர்வு செய்கிறார்கள். அறியாத மொழியின் சில வாக்கியங்களைக் கொடுத்து இலக்கணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதே அதில் கேள்வி. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு புதிர் போடுங்கள். முதல் வாரத்துக்கு இதோ, செய்த மொழி ஒன்றில்:

நெபா துமி – பாட்டி வந்தாள்
கரோ துமி – காக்கா வந்தது
நெபா துமிலு – பாட்டி வந்தாளாம்
கரோ நெபான் சிகெ – காக்கா பாட்டியைப் பார்த்தது

'பாட்டி காக்காவைப் பார்த்தாளாம்' என்பதை எப்படிச் சொல்வார்கள்? தமிழ் வினையில் இருந்து இந்த மொழி வினையில் இல்லாமல் போனது எது? விடையை அடுத்த வாரம் வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருநகர், மதுரை.