செயலாளரின் ஆண்டறிக்கை: கலைக்களஞ்சியத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடந்தன. மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவர்களுக்கு மேற்கோள் சேர்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் விழுங்கியது ஒரே வேலைதான். தமிழ் விக்கிப்பீடியாவுக்காக உள்ளூர்த் தொலைக்காட்சி பற்றிய பகுதிகளை எழுத முனைந்தோம். எழுதிய நேரத்தைவிட, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வாதாடிய நேரமே அதிகம். அந்த வாதங்கள் குறிப்பேட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பெரிய தொல்லை தரவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது, 2000 பொங்கலன்று பொதிகை என்ற பெயர் பெற்றது, 2024 ஜனவரி 19 அன்று டிடி தமிழ் ஆனது. மூன்றுக்கும் அச்சில் சான்று உண்டு. தலைப்பில் மட்டும் சச்சரவு. பொதிகை மலையைப் பார்த்தே வளர்ந்த நெல்லைக்காரர்களுக்கு அந்தப் பெயர் போனதில் வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வருத்தத்துக்குக் கட்டுரையில் இடம் இல்லை. இன்றைய பெயரைத் தலைப்பாக வைத்து, பழைய பெயரில் தேடுபவரையும் அங்கேயே கொண்டுசேர்க்கும் வழிமாற்றுத் தருவது, அந்தந்தக் காலத்து நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது அந்தந்தக் காலத்துப் பெயரையே எழுதுவது என்று முடிவானது.

நிகழ்ச்சிகள் விஷயத்தில் மாணவர் ஒருவர் மிகுந்த உழைப்புடன் ஒரு தனியார் அலைவரிசையின் தொடர்களை நேரத்துடன் அட்டவணையாக்கிக் கொண்டுவந்தார். அடுத்த கூட்டத்துக்குள் அதில் பல நேரங்கள் மாறிவிட்டன. நடப்பு நிகழ்ச்சி நிரல் கலைக்களஞ்சியத்துக்கு உரியதல்ல என்ற விதியை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை. அதே வேளையில் சென்னை நிலையத்தின் பழைய நிகழ்ச்சிகளான 'ஒளியும் ஒலியும்', 'வயலும் வாழ்வும்', 'எதிரொலி' ஆகியவற்றை நீக்கக் கூடாது என்று நானே நின்றேன். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' திரைப்பாடல்களைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடியதைப் பற்றி நிலையத்தோடு தொடர்பில்லாத பலர் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். பழையது என்பதற்காக அவை நிற்கவில்லை. பிறர் பதிவு செய்திருக்கிறார்கள், அதனால் நிற்கின்றன.

ரூபவாகினியைச் சேர்ப்பதா என்பதில் இரண்டு கூட்டங்கள் கழிந்தன. அது இலங்கை அரசின் தொலைக்காட்சி நிறுவனம், 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. தமிழக உள்ளூர்த் தொலைக்காட்சிக் கட்டுரையில் அதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். சென்னையின் அலை நம் நெல்லைப் பக்கம் எட்டாத காலத்தில், இலங்கையில் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையிலிருந்து வந்த படம்தான் தென்கோடிக் கடலோரத்துக்குத் தொலைக்காட்சி. கம்பத்தை உயர்த்தி, ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பிவைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆகவே ஒரு பத்தி சேர்த்தோம். "வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டோம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உண்மையான சிக்கல் கேபிள் சேனல்களில்தான். ஒரு வீடியோ பிளேயரை வைத்துத் தெரு முழுக்க வயர் இழுத்த காலம், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபின் மொட்டை மாடிகளில் முளைத்த டிஷ்கள், 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், 2007இல் பதிவான அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் மறுபடி புறப்பட்டது என்று பொது வரலாற்றை எழுதிவிடலாம். ஒவ்வோர் ஊரின் சொந்தச் சேனலுக்கு வந்தால் கை நின்றுவிடுகிறது. பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம், மதியப் படம், ஆனித் தேரோட்ட நேரலை என்று ஊரின் அன்றாடத்தைக் காட்டியவை இவை. ஆனால் இவற்றைப் பற்றி வெளியார் எழுதியது மிகக் குறைவு. கேபிள் ஆபரேட்டர்களுக்கு நெடுங்காலம் பதிவுச் சான்று கொடுத்தது தலைமை அஞ்சலகம் என்பது நம் உறுப்பினர் பலருக்கே தெரியாது. அந்தப் பதிவேடும் வெளியிடப்பட்ட ஆவணம் அல்ல. மேற்கோளாகக் காட்ட முடியாது.

இரண்டு சேனல்கள் "மாவட்டத்தின் முதல் சேனல்" என்று உரிமை கொண்டாடின. இரண்டின் ஆதாரமும் அவை தாமே கொடுத்த ஆண்டுவிழா விளம்பரம். இரு வரிகளையும் நீக்கினோம். அவற்றில் ஒன்றின் பொறுப்பாளர், தனிக்கட்டுரை எழுதித் தந்தால் நம் ஆண்டு மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தருவதாகச் சொன்னார். பணமோ பயனோ பெற்று எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி என்று பணிவுடன் தெரிவித்தேன். மலரில் அந்தப் பக்கம் வேறு விளம்பரத்துக்குப் போனது. பொருளாளருக்கு இன்னும் என்மேல் கோபம் உண்டு.

படங்கள் பற்றி ஒரு சொல். சேனல் சின்னங்களும் திரையிலிருந்து எடுத்த படங்களும் பிறர் பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்பதால், விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்துக்கு ஆகாது. நாமே எடுத்த பழைய ஆண்டெனாக் கம்பங்களின் படங்கள் ஏற்றப்பட்டுள்ளன.

தனிக்கட்டுரை வேண்டாம், ஊர்ச் சேனல்கள் அனைத்தையும் பொதுக் கட்டுரையில் ஒரு பிரிவாகச் சொன்னால் போதும் என்று பெரும்பான்மையோர் முடிவெடுத்தபோது மூத்த உறுப்பினர் அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். "என்ன தம்பி, பெரிய பத்திரிகை எழுதவில்லை என்றால் நம் ஊரில் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கலைக்களஞ்சியம் அதற்கு விடை தரும் இடம் அல்ல என்பதே என் கருத்து. அங்கே வரிசையில் முதலில் நிற்க வேண்டியது நம் நினைவு அல்ல, அச்சேறிய சான்று. அந்தச் சான்று உருவாகாமல் போனால் இழப்பு நம்முடையதுதான். தேரோட்டம் பதிவான பழைய நாடாக்களின்மேல் அடுத்த ஆண்டுத் தேரோட்டத்தையே பதிந்துவிட்டதாக ஒளிப்பதிவாளர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். பழைய கேபிள் ஆபரேட்டர்கள், ஒளிப்பதிவாளர்கள், செய்தி வாசித்தவர்கள் ஆகியோரின் அனுபவங்களைப் பதிவு செய்ய ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும். நாமே அச்சிட்டு நாமே மேற்கோள் காட்டுவது முறையல்ல. பதிவுகளை ஏதேனும் ஒரு கல்லூரியின் இதழியல் துறையிடமோ, ஆசிரியர் குழு உள்ள பத்திரிகையிடமோ ஒப்படைத்து, அவர்கள் சரிபார்த்து வெளியிட்ட பிறகே கட்டுரையைத் தொட வேண்டும். துணைக்குழுவின் பொறுப்பை அண்ணாச்சியே ஏற்க இசைந்திருக்கிறார். பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்